எரிச்சலும் ஆபத்தும்: பேச்சை அளக்கும் கோலின் வரலாறு

2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். அசாம் கலவரத்துக்குப் பழிவாங்கத் தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி, குறுஞ்செய்தி வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் அவர்களை எட்டியிருந்தது. குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதை ஒருவர் முகநூலில் கேள்வி கேட்டிருந்தார். மற்றவர் அதற்கு ‘லைக்’ போட்டிருந்தார். உயிர்ப்பயத்தை விதைத்த செய்தியையும் ஓர் இளம்பெண்ணின் கேள்வியையும் பிரித்துப் பார்க்க அப்போதைய சட்டத்தால் ஏன் முடியவில்லை?

பிரித்தறியும் கோல் அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இருந்தது. அது உருவானதில் சென்னை மாகாணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வெளியான ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாதென்ற தடையை 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1951இல் வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், பேச்சைக் கட்டுப்படுத்தப் ‘பொது ஒழுங்கு’ என்ற புதிய காரணத்தைச் சேர்த்தது. கூடவே, எந்தக் கட்டுப்பாடும் ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அந்தச் சொல்லுக்கு எலும்பும் தசையும் கொடுத்தது 1952இன் வி.ஜி. ராவ் தீர்ப்பு. அதுவும் சென்னை வழக்குதான். தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, கட்டுப்பாடு அதற்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி.

1960இல் ராம் மனோகர் லோகியா வழக்கு, பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும் என்றது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு வழங்கிய தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்திருந்தது. 1989இல் அதை மாற்றிய உச்ச நீதிமன்றம், வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிபோல ஆபத்து உடனடியானதாக இருந்தால்தான் பேச்சைத் தடுக்கலாம் என்றது. எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. என் பார்வையில், இந்தியப் பேச்சுரிமைச் சட்டத்தின் உச்சம் இந்தத் தீர்ப்புதான். பேசியவரை விட்டுக் கேட்டவரின் சினத்தை அளக்கும் பழக்கத்தை அது உடைத்தது.

இருபதே ஆண்டுகளில் அந்தப் பழக்கம் திரும்பி வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவு, கடுமையாகப் புண்படுத்தும் செய்தியையும், எரிச்சலோ சங்கடமோ உண்டாக்கப் பொய்யென்று தெரிந்தே அனுப்பும் செய்தியையும் குற்றமாக்கியது. தண்டனை மூன்றாண்டு வரை. எரிச்சலுக்கு எது எல்லை? புகார் கொடுப்பவரின் மனமே எல்லை. புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர், அப்போதைய மத்திய அமைச்சர் மகனைப் பற்றிய ஒரு ட்வீட்டுக்காகக் கைதானதும், பால்கர் கைதுகளும் இப்படித்தான்.

2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏவை முழுவதுமாக நீக்கியது. விவாதிப்பதும் ஒன்றை ஆதரித்து வாதிடுவதும் உரிமை, தூண்டிவிடும்போதுதான் சட்டம் தலையிடலாம் என்று அந்தத் தீர்ப்பு கோடு கிழித்தது. ஆனாலும் செத்த பிரிவில் வழக்குகள் தொடர்ந்து பதிவாயின. அதை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

உரிமைப் பக்கம் கோடு தெளிவானது. பொறுப்புப் பக்கம் அந்தத் தெளிவு வரவில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப் வதந்தி அந்த ஊருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அடித்த கைகளைச் சட்டத்தால் அடையாளம் காண முடிந்தது. பத்தாயிரம் விரல்கள் முன்தள்ளிய செய்தியில் யாரைப் பிடிப்பது?

இந்த இடத்துக்குப் பயன்படும் சிந்தனை நம்மிடம் இல்லாமலில்லை. சட்ட ஆணையம் 2017இல் தந்த 267ஆம் அறிக்கை, வெறுப்புப் பேச்சை இனங்காணப் பேசுபவரின் நிலை, இலக்கானவர்களின் நிலை, பேச்சின் கடுமை, சூழல், விளையக்கூடிய தாக்கம் ஆகியவற்றை எடுத்துக்காட்டியது. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் தலைவரும் குடும்பக் குழுவில் பயந்துபோய் ஒரு செய்தியைப் பகிரும் பாட்டியும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் உணர இதுவே வழி. தண்டனைச் சட்டத்தில் இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகளை விதித்தன. அந்தக் கடமைகள் பதிவை நீக்குவதையும், செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காண்பதையும் சுற்றின. எந்தப் பதிவைப் பெருக்கிக் காட்டுவது என்று தளத்தின் நிரல் எடுக்கும் முடிவை அவை பெரிதாகத் தொடவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவினரிடையே பகை வளர்ப்பதைத் தண்டிக்க 1898இல் காலனி அரசு பழைய சட்டத்தில் சேர்த்த 153ஏ பிரிவு அதில் 196 ஆகியிருக்கிறது. மின்னணுத் தொடர்பு என்ற சொல் புதிதாக நுழைந்திருக்கிறது. ஆணையம் பரிந்துரைத்த இரண்டு பிரிவுகளும் அதில் இடம்பெறவில்லை.