சோறு போடும் ஆட்டம்

பையன் பந்தை எடுத்துக்கொண்டு திண்ணையை விட்டு இறங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "விளையாட்டு சோறு போடுமா?" என்று தகப்பனார் கேட்பார். பையன் பதில் சொல்லமாட்டான். அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பான்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் அதியமான்கோட்டையைத் தாண்டினால் நல்லம்பள்ளி வரும். ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளமும் கேழ்வரகும் விளையும். பொய்த்தால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்ட சீமையில் தகப்பனார் மேற்படி கேள்வியைக் கேட்பது கடுமையினால் அல்ல, கணக்கினால். பையனின் ஒரு மாலைப்பொழுது என்பது அவருக்கு ஒரு குடம் தண்ணீர், ஒரு கட்டுத் தீவனம்.

சம்பளம் வாங்காமல் ஆடுகிறவனை இங்கிலீஷ்காரர்கள் "அமெச்சூர்" என்றார்கள். நம் ஊர் நாடக சபாக்களின் பலகைகளிலும் இந்த வார்த்தை தொங்கியதுண்டு. இங்கிலாந்தின் கிரிக்கெட்டில் 1962 வரையில் சம்பளம் வாங்காதவர் "கனவான்". சம்பளம் வாங்குகிறவர் வெறும் "ஆட்டக்காரர்". வீட்டில் சோறு இருப்பவனுக்குக் கூலி வாங்காமல் ஆடுவது ஒரு பெருமை. வீட்டில் சோறு இல்லாதவன் என்ன செய்வான்? இதைக் கனவான்கள் அதிகமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

அயர்லாந்தில் இதே வார்த்தைக்கு வேறு பொருள் உண்டாயிற்று. அங்கே கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். இதை வளர்ப்பதற்காக 1884-இல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு சங்கம் கண்டார்கள். ஆங்கிலேயர் ஆதிக்கத்துக்கு எதிராக மூண்ட தேசிய உணர்ச்சியில் பிறந்த சங்கம் அது. அந்நிய ஆட்டம் ஆடினால் மட்டுமல்ல, பார்த்தாலே குற்றம் என்று விதி வைத்திருந்தார்கள். 1938-இல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு கால்பந்துப் பந்தயத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஜனாதிபதி என்றும் பாராமல், சங்கத்தின் புரவலர் ஸ்தானத்திலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்! அந்தத் தடை 1971-இல்தான் நீங்கியது. ஆனால் ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை என்ற விதி இன்றும் நிற்கிறது. டப்ளின் நகரத்து மைதானத்தில் 80,000 பேர் கூடி ஆரவாரம் செய்வார்கள். ஆடியவர் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ வேலைக்குப் போவார்.

இதைக் கடல் கடந்து கவனித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்கள் ஆடும் கால்பந்தும் ஏறக்குறைய இதே சாயல். பந்து மட்டும் முட்டை வடிவம், ஆடுகிறவருக்குச் சம்பளமும் உண்டு. 1984-இல் ஜிம் ஸ்டைன்ஸ் என்ற டப்ளின் இளைஞர் மெல்பர்ன் கழகத்துக்குப் போனார். 1987-இல் ஒரு முக்கியமான பந்தயத்தின் கடைசி விநாடிகளில் ஓடக் கூடாத இடத்தில் ஓடிவிட்டார். அந்தப் பிழையால் அவருடைய கழகம் இறுதி ஆட்டத்துக்குப் போக முடியாமல் தோற்றது. வேறொருவராயிருந்தால் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார். ஸ்டைன்ஸ் அங்கேயே நின்றார். 1991-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த ஆட்டக்காரர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வாங்கினார். தொடர்ந்து 244 பந்தயங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடினார். கெர்ரி மாவட்டத்து டைக் கென்னலியின் கதை இன்னும் ருசிகரமானது. 2005-இல் சிட்னி கழகத்தோடு சேர்ந்து ஆஸ்திரேலியக் கோப்பையை வென்றவர், சொந்த ஊருக்குத் திரும்பிவந்து, 2009-இல் அகில அயர்லாந்துப் பட்டத்தையும் வென்றார்.

"அயர்லாந்துக் கதை நமக்கெதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். நியாயந்தான். நம்மிடமே ஒரு கதை இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தைச் சேர்ந்தவர் எம். ஜே. கோபாலன். திருவல்லிக்கேணியில் பந்து வீசிக்கொண்டிருந்த இந்த இளைஞரைக் கண்டெடுத்தவர் ஸி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி, கிரிக்கெட் ஆட்டக்காரர். அவருடைய முயற்சியால் கோபாலனுக்குக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. கம்பெனி கொடுத்தது பந்து வீசுவதற்குச் சம்பளம் அல்ல. ஆனால் நன்றாகப் பந்து வீசியிராவிட்டால் அந்தச் சம்பளமும் இல்லை. நம் நாட்டில் பல காலம் விளையாட்டு சோறு போட்ட விதம் இதுதான். ரயில்வே, போலீஸ், வங்கி எல்லாம் பிற்பாடு இதே வழியில்தான் போயின.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் பந்தயம் ஆடினார் கோபாலன். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் அது. அந்தக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

ஆனால் கோபாலனுக்கு இன்னொரு கையில் ஹாக்கி மட்டையும் இருந்தது. 1935-இல் தியான் சந்த் முதலானோர் அடங்கிய இந்திய ஹாக்கிக் கோஷ்டியோடு நியூஜிலாந்துக்குப் போய் வந்தார். அடுத்த வருஷம் சோதனை வந்தது. 1936 கோடையில் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம். அதே கோடையில் இங்கிலாந்தில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டியின் சுற்றுப்பயணம். இரண்டுக்கும் வழி இருந்தது. ஆனால் மனிதர் ஒருவர்தானே! கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றில்கூட அவரைச் சேர்க்கவில்லை. மூன்றாவது டெஸ்ட், லண்டன் ஓவல் மைதானத்தில் தொடங்கிய நாள் ஆகஸ்ட் 15. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கிக் கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று முறியடித்துத் தங்கம் வென்றது. காலம் சில சமயம் மனிதர்களோடு கொஞ்சம் குரூரமாகத்தான் விளையாடுகிறது.

அதே கிரிக்கெட் கோஷ்டியில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார்: கோட்டா ராமஸ்வாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்பட்ட புச்சிபாபு நாயுடுவின் குமாரர், கேம்பிரிட்ஜில் படித்தவர், விவசாய இலாகாவில் உத்தியோகம். 1922-இல் டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்கு இந்தியாவின் சார்பில் ஆடியவர், 1936-இல், வயது 40-ஐத் தொட்ட பிறகு, மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-உம் 60-உம் எடுத்தார். அவருக்கு டென்னிஸிலிருந்து கிரிக்கெட்டுக்கு வருவது கூடத்திலிருந்து முற்றத்துக்கு வருவது போல. கோபாலனுக்கோ ஒரு வாசலில் நுழைந்தால் மற்ற வாசல் சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் திறமைசாலிகள்தாம். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது ஒருவருக்குத்தான்.

கோபாலன் நொடிந்துபோய்விடவில்லை. பின்னாளில் டெஸ்ட் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். சென்னையும் இலங்கையும் ஆடிய கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003-இல் காலமானார். ஆனால் அவருடைய டெஸ்ட் கணக்கு ஒரு பந்தயம், ஒரு விக்கெட் என்பதோடு நின்றுவிட்டது.

இனி நம் சீமைக்குத் திரும்பலாம். நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் மாவட்டத்துக்குள் போனால் சின்னப்பம்பட்டி. நெசவுத் தொழிலாளியின் மகனான த. நடராஜன் அங்கே டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தார். ஊர்ப்புறங்களில் ரப்பர்ப் பந்தில் ஆடுவதும் தோல் பந்தில் ஆடுவதும் பெயரளவில்தான் ஒன்று. பந்தின் கனம் வேறு, காலணி வேறு, செலவு வேறு. ஏறக்குறைய 20 வயது வரையில் அவர் தோல் பந்தைத் தொடவில்லை. 2015-இல் ரஞ்சிப் பந்தயம். 2017-இல் பஞ்சாப் கோஷ்டி 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், மூன்று வகைப் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். சம்பாத்தியம் வந்ததும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தது. 2023-இல் அது திறக்கப்பட்டது.

சடுகுடுவின் கதை வேறு. அது பிழைப்புக்காக வேறு ஆட்டம் தேடிப் போகவில்லை. பணமே அதைத் தேடி வந்தது. பொங்கலுக்கு ஊர்ப் பொட்டலில் ஆடிய ஆட்டம், 2014-இல் புரோ கபடிப் பந்தயம் தொடங்கியதும் விளக்கொளியில் ஏலத்துக்கு வந்தது. இரவல் சட்டையில் ஆடியவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான். இதைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் தூயவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்துக்காரர்கள் இளைஞர்களை இழக்கிறோமே என்று வருந்துவதில் நியாயம் உண்டு. ஊர் சேர்ந்து வளர்த்த ஆட்டத்தை ஊருக்காக ஆடுவது பெரிய விஷயம். ஆனால் ஊர்ப் பெருமையைச் சுமக்கும் பையனுடைய அடுப்பில் நெருப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் ஊரின் கடமைதான். ஜான்ஸ்டன் அதைப் பார்த்தார். ஆகையால்தான் கோபாலன் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. பார்க்க ஆளில்லாமல் எத்தனை கோபாலன்கள் செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தார்களோ, அவர்களுக்குக் கணக்கு எழுதியவர் யார்?

தகப்பனாரின் கேள்வி சரியான கேள்விதான். அதைப் பையனிடம் கேட்பதுதான் தவறு. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.