சாட்டு யாருக்கு?

“இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்…” தண்டோராச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். சினிமாவில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம். எனக்கு இதிலுள்ள ‘சகலமானவர்’ என்ற சொல்லோடு ஒரு தீராத வழக்கு உண்டு. இரண்டரை ஏக்கர் மேட்டாங்காட்டு வழக்கு.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் என் அம்மாயி ஊர். அப்போது நாமக்கல் தனி மாவட்டமில்லை. 1997 சனவரி 1-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் விளைகிற செம்மண் காடு. பள்ளி விடுமுறைக்கு அங்கே போவேன். சாயங்காலம் தப்பட்டைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். தப்பட்டைக்காரர் முச்சந்தியில் நிற்பார், மூன்று முறை அடிப்பார், சொல்வார், அடுத்த முச்சந்திக்கு நடப்பார். ஏரி ஏலம், வரி கட்டக் கடைசி நாள், மாட்டுக்குத் தடுப்பூசி, நோம்பிக்குப் பூச்சாட்டு. எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்கு வந்தது. எங்களைவிட நாற்பது வயது மூத்தவர். நாங்கள் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினோம். யாரும் எங்களைத் திருத்தவில்லை. நான் ஊர்த்தெருவில் நின்று அந்தத் தப்பட்டையைக் கேட்டவள். இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது.

சாட்டுதல் என்றால் எல்லோரும் அறியச் சொல்லுதல். பழைய தொழில்தான். மணிமேகலைக் காப்பியம் தொடங்குவதே ஒரு சாட்டில்தான். முதல் காதை விழாவறை காதை. முரசறைகிற வள்ளுவன் புகார் நகரத்துக்கு இந்திர விழாவை அறிவிக்கிறான். அடுத்த காதையின் பெயர் ஊரலருரைத்த காதை. மாதவியும் மணிமேகலையும் விழாவுக்கு வரவில்லை என்று ஊர் என்ன பேசுகிறது என்பதை மாதவியிடம் போய்ச் சொல்லும்படி, அவளுடைய தாய் சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். முதல் செய்தியை அரசு சார்பில் ஓர் ஆண் முரசடித்துச் சொல்கிறான். இரண்டாவது செய்தி பெண்ணிடமிருந்து பெண் வழியாகப் பெண்ணுக்குப் போகிறது. ஒன்றுக்கு அறிவிப்பு என்று பெயர், மற்றதற்கு அலர். எங்கள் ஊரிலும் இந்த இரண்டு வழிகளும் இருந்தன. இரண்டாவதை ஊர்வம்பு என்றார்கள்.

ஆங்கிலேயர் வந்து முரசை நிறுத்திவிடவில்லை, சட்டப் புத்தகத்துக்குள் எழுதிக்கொண்டார்கள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், நிலத்தை ஜப்தி செய்யும் உத்தரவை அந்த நிலத்திலோ அதன் பக்கத்திலோ முரசறைந்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று இன்றும் இருக்கிறது. முரசை யார் அறைய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, சாதி சொல்லிவிட்டது. எங்கள் பகுதியில் பறையர், அருந்ததியர் ஆண்கள் தலையில்தான் அது விழுந்தது. இழவு சொல்லப் போவது, பிணம் எரிப்பது, மடை திறப்பது ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். மணியக்காரர், கர்ணம் என்ற பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மேலே நாற்காலி மாறியது, கீழே தப்பட்டை அதே தோளில் தொங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாட்டு ஊருக்கானது. ஆனால் ஊருக்கு முன்னால் அந்தச் சேதி தெரிந்தது சேரிக்குத்தான். முந்தின நாளே தப்பட்டைக்காரரிடம் சொல்லிவிடுவார்கள். இரவே அவர் மனைவிக்குத் தெரிந்துவிடும். விடிந்ததும் அந்த அம்மா எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருவார்.

இனி இரண்டரை ஏக்கர் விஷயம். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்பது அதிகாரப் பெயர், யூ.டி.ஆர். என்றால்தான் ஊரில் புரியும். யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்துப் புதிய பட்டா எழுதிய வேலை அது. இன்றும் தமிழ்நாட்டில் எந்த நிலத் தகராறை எடுத்தாலும், ‘யூ.டி.ஆர்.ல தப்பா ஏறிடுச்சுங்க’ என்ற வாக்கியத்தில் வந்து நிற்கும். என் தாத்தா 1972-இல் இறந்தார். தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் கூட்டுப்பட்டா. தாத்தாவின் பங்கு சட்டப்படி அம்மாயிக்கும் அவர் மக்களுக்கும் உரியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவைக்கு முழு உரிமை தந்து அப்போதே கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை அது. பட்டாதாரர்கள் எல்லோரும் நாளை சாவடிக்கு வரவேண்டும் என்று சாட்டினார்கள். மறுநாள் ஆண்கள் போனார்கள். அம்மாயி போகவில்லை. கொழுந்தனார் போனார். எழுத வந்தவர் கேட்டார், இவர் சொன்னார், முழு நிலமும் இவர் பெயரில் ஏறியது. அம்மாயிக்கு இது தெரிந்தபோது ஆறு வருடம் ஆகியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கப் போன இடத்தில் தெரிந்தது.

பல காலம் இந்தக் கதையை, ‘அம்மாயிக்குச் சேதி எட்டவில்லை’ என்றுதான் சொல்லிவந்தேன். பெண்ணியக் கூட்டங்களிலும் இப்படித்தான் பேசியிருக்கிறேன். 2010 வாக்கில், தப்பட்டைக்காரரின் மனைவியை ஊரில் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை.

“எட்டாம என்னம்மிணி? அன்னிக்கு வெடியால களையெடுக்கறப்ப நாந்தான் சொன்னேன். ஆத்தா, இன்னிக்குச் சாவடில காட்டுக்குப் பேரு எழுதறாங்களாம், நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்கன்னு. அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், நீ வேலையப் பாருன்னுட்டாங்க.”

சேதி எட்டியிருக்கிறது. இரண்டு வழியிலும் எட்டியிருக்கிறது. ‘சகலமானவர்’, ‘பட்டாதாரர்’ என்ற சொற்களில் தானும் அடக்கம் என்று அம்மாயி எண்ணவில்லை. போயிருந்தாலும் சாவடித் திண்ணையில் எந்தப் பெண் ஏறியிருக்கிறாள்? அதைச் சொன்னவர் ஒரு தலித் பெண். தனக்கென்று ஒரு சென்ட் நிலம் இல்லாதவர். அவர் சொன்னதை அம்மாயி சேதியாக மதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அம்மாயி தன் வாழ்நாளில் தனக்காகச் செய்யப்பட்டதாக நினைவு வைத்திருந்த அரசு அறிவிப்பு ஒன்றே ஒன்று. 1937 அக்டோபர் 1-இல் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி அப்போது மாகாணத்தின் பிரதமர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்த காலத்திலேயே, மதுவிலக்குக்கென்று ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். கல்கி அதில் வேலை பார்த்தார். அம்மாயிக்கு அன்று பதினொரு வயது இருக்கும். கள்ளுக்கடையைச் சாத்தறாங்க என்று கேள்விப்பட்டு, அவருடைய அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாராம், சந்தோஷத்தில். ஆனால் அந்த அறிவிப்பும் குடிக்கிறவனுக்குச் சொன்னதுதான். அடி வாங்குகிறவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை, கூரையில் ஒலிபெருக்கி, மாலையில் செய்தியும் பாட்டும். எங்கள் ஊர் ஆண்களின் அரசியல் படிப்பெல்லாம் அதன் அடியில் நடந்தது. பெண்களுக்குக் காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு கேட்கும், செய்தி கேட்காது. அந்த நேரம் அடுப்பு நேரம்.

பெண்ணை நேராகப் பெயர் சொல்லி அரசு கூப்பிட்ட ஒரு சந்தர்ப்பமும் சேலத்தில் உண்டு. பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் என்று நாடே எங்களைப் பார்த்த நேரத்தில், 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு என்ற சேதி அம்மாக்களுக்கானது. பட்டா எழுதக் கூப்பிடாத அரசு தொட்டிலுக்குக் கூப்பிட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1989 மார்ச் 25 முதல் செல்லும்படியாக, மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியிருந்தது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகாதவர்களுக்கு. பெண் குழந்தை ஏன் சுமையாகிறது என்ற கேள்விக்குப் பதிலில் பாதி அந்தச் சட்டத்தில் இருந்தது. அதை எங்கள் ஊரில் யாரும் தப்பட்டை அடித்துச் சொல்லவில்லை. என் அம்மா அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர். ஆனால் சின்னச் சித்தி 1991-இல் கல்யாணமானவர். அவருக்கும் அந்தச் சட்டம் தெரியவந்தது பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான்.

நிலைமை கொஞ்சம் அசைந்தது இரண்டாவது வழி பலப்பட்டபோது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1991-92-இல் சேலத்துக்கு வந்தன. வாரம் ஒருநாள் பெண்கள் ஓரிடத்தில் உட்கார ஒரு சாக்கு கிடைத்தது. 1994-இன் ஊராட்சிச் சட்டம் கிராம சபையையும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தையும் கொண்டுவந்தது. 2016-இல் அது பாதியானது. 2008-இல் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டங்களுக்கு வந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே வரப்பில் உட்கார்ந்து பேசிய முதல் இடம் அந்த வேலைத்தளம்தான். ரேஷன், பென்ஷன், தண்ணீர் எல்லாச் சேதியும் அங்கே வந்துவிடும். சேதி சொல்ல வேண்டுமென்றால் அரசு அலுவலர்களும் இப்போது நேராக அங்கேதான் வருகிறார்கள். ஊர்வம்பு என்று பெயர் வாங்கிய வழியில்தான் அரசாங்கமே நடக்கிறது.

ஆனால் நிலம் என்று வந்தால் அரசு பழைய வழிக்குப் போய்விடும். சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018-இல் நிலம் எடுக்க வந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி அறிவிப்பின் சாரத்தை இரண்டு செய்தித்தாள்களில் போட்டால் போதும், அதில் ஒன்று வட்டார மொழியில். ஆட்சேபம் சொல்ல 21 நாள். எங்கள் ஊர்களில் செய்தித்தாள் வருகிற இடம் டீக்கடை. அங்கே பெண்கள் உட்காருவதில்லை. குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டிப் பக்கம் கல் நட வந்தபோது காட்டில் விழுந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அறிவிப்புக் காகிதத்தில் இல்லாத பெண்கள் கல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று அன்று தோன்றியது.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு சாதியின் தோளில் ஊர்ச்சேதியைக் கட்டிவைத்த வழக்கம் எவ்வளவு முன்னால் போயிருந்தாலும் நல்லதுதான். பறை மேடையில் ஒலிக்கட்டும், சாவடி வாசலில் வேண்டாம். எங்கள் ஊரில் கொஞ்ச காலம் ஆட்டோவில் அறிவிப்பு வந்தது. இப்போது அதுவும் குறைந்து, ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வீட்டுக்கு ஓர் எண். எங்கள் வீட்டு எண் தம்பியுடையது, அவன் திருப்பூரில் இருக்கிறான். 2023-இல் மகளிர் உரிமைத்தொகைக்கு அம்மா எழுதிப்போட்டார். கிடைக்காதவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள், 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்று. அம்மாவுக்கான குறுஞ்செய்தி திருப்பூருக்குப் போனது. தம்பி பார்த்து எங்களிடம் சொன்னபோது தீபாவளி.

போன முறை ஊருக்குப் போனபோது கிராம சபை நாள். வருடத்துக்கு நான்காக இருந்த கூட்டங்கள் இப்போது ஆறு. 2025 சனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் தனி அலுவலர் பொறுப்பில் கூட்டம். பதினோரு மணிக்கு நூறு நாள் வேலைப் பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். தீர்மானங்களைப் படித்து முடிக்குமுன்பே கையெழுத்து நோட்டு சுற்றத் தொடங்கிவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் தரவில்லை. தப்பட்டைக்காரரின் மருமகள்.

“என்னக்கா, போடுங்க, நேரமாகுது” என்றார் நோட்டுக் கொண்டுவந்த பையன்.

“படிக்கச் சொல்லு சாமி. முழுசாப் படிக்கட்டும். அப்பறம் போடறேன்.”

அலுவலர் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் தீர்மானத்திலிருந்து மறுபடி படித்தார்.