எண்ணெய்க்குப் புண்ணாக்கா, புண்ணாக்குக்கு எண்ணெயா?

கோயம்புத்தூர்ல எந்த சூப்பர் மார்க்கெட் எண்ணெய் அடுக்கைப் பார்த்தாலும் சோயா எண்ணெயும் கார்ன் ஆயிலும் இருக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்னு பழகின ஊர் இது. சோயாவும் மக்காச்சோளமும் இந்தப் பக்கம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்ச நாளா துருவிக்கிட்டிருந்தேன். (சில பாட்டில்ல ‘சோள எண்ணெய்’னு போட்டிருக்கும். கொங்குல சோளம்னா மாட்டுக்குத் தட்டு போடுற சோளம். இது மக்காச்சோளம். வேற வேற பயிர்.)

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். நல்லாக் காய்ஞ்ச கொப்பரையில் 65 சதவீதம் வரை எண்ணெய் இருக்கு. நிலக்கடலைப் பருப்புலயும் எள்ளுலயும் பாதிக்குப் பாதி. சோயாவுல 18 முதல் 20. மக்காச்சோளத்துல நாலே சதவீதம். நாலு சதவீத எண்ணெய்க்காக எந்தச் செக்குக்காரரும் மாட்டைப் பூட்ட மாட்டார்.

மரச்செக்கு பத்து சதவீதத்துக்கு மேல எண்ணெயைப் புண்ணாக்குலயே விட்டுடும். 1900-ல அமெரிக்காவுல வலேரியஸ் ஆண்டர்சன் எக்ஸ்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். திருகு சுத்தச் சுத்த வித்து நெருக்கப்பட்டு எண்ணெய் வடியும். அதுலயும் புண்ணாக்குல அஞ்சாறு சதவீதம் தங்கிடும். கடலைக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. சோயாவுல இருக்கிறதே இருபதுதான், அதுல அஞ்சு போனா கால்வாசி போச்சு. அதனாலதான் சோயாவுக்குக் கரைப்பான் முறை வந்தது. பருப்பை உடைச்சு, லேசா சூடு காட்டி, அவல் மாதிரி தட்டையாக்கி, அது மேல ஹெக்சேனை ஊத்திக் கழுவுவாங்க. பெட்ரோலியத்துல இருந்து வர்ற திரவம் அது. எண்ணெய் அதுல கரைஞ்சு வெளிய வந்துடும். ஹெக்சேன் 69 டிகிரியிலயே கொதிக்கும், ஆவியாக்கிக் குளிரவெச்சுத் திரும்பப் பயன்படுத்தலாம். புண்ணாக்குல மிஞ்சுற எண்ணெய் ஒரு சதவீதத்துக்கும் கீழ.

இங்கதான் கதை தலைகீழாகுது. செக்குல எண்ணெய்தான் சரக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. சோயாவுல நூறு கிலோவுக்கு எண்பது கிலோ போல புண்ணாக்குதான். அதுல 44 முதல் 48 சதவீதம் புரதம். ஆனா அப்படியே போட்டா கோழிக்குச் செரிக்காது. பச்சை சோயாவுல புரதத்தைச் செரிக்க விடாத ஒரு பொருள் இருக்கு. அதனால ஹெக்சேனை விரட்டும்போதே நீராவியில வறுத்து எடுப்பாங்க. எங்க சாஃப்ட்வேர் தொழில்லயும் இப்படி உண்டு: ஒரு கம்பெனி கேம் எழுதினது, கேம் தோத்துப் போச்சு, உள்ளுக்குள்ள பேசிக்க எழுதின டூல் ஜெயிச்சது. இன்னிக்கு நாங்க பயன்படுத்துற ஸ்லாக் அதுதான்.

இதுக்கு முன்னாடி கோழிக்கு என்ன போட்டாங்க? கடலைப் புண்ணாக்கும் ஒண்ணு. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் திடீர்னு செத்தது. பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்குல பூஞ்சணம் பிடிச்சிருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின்னு பேர் வெச்சாங்க. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கை நம்ப முடியாதுன்னு அப்பதான் தெரிஞ்சது. போதாக்குறைக்கு, வளர்ற கோழிக்கு வேணுங்கிற லைசின் கடலையில குறைவு, சோயாவுல நிறைய.

அதே அறுபதுகள்லதான் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் இலினாய் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து அமெரிக்க சோயா ரகங்களை இந்தியாவுல பரிசோதிச்சாங்க. மழைக்காலத்துல சும்மா கிடந்த மத்தியப் பிரதேசக் கரிசல் நிலத்துக்கு அது பொருந்திப் போச்சு. நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ 1, கோ 2, கோ 3-னு சோயா ரகங்கள் வெளியிட்டது. இங்க பயிர் பெருசா ஒட்டலை. ஆனா புண்ணாக்குக்கு ஆள் இருந்தது.

எண்பதுகள்ல உடுமலைப்பேட்டையில சவுந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் சுகுணாவை ஆரம்பிச்சாங்க. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், கொட்டகையும் உழைப்பும் விவசாயியோடது, வளர்ப்புக்குக் கிலோ கணக்குல கூலி. இந்த ஒப்பந்த முறை பல்லடம், பொங்கலூர், உடுமலைன்னு பரவுச்சு. கிணறு வத்தின காட்டுக்காரருக்கு இது ஒரு வழி. கறிக்கோழித் தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம், கால்பங்குக்கு மேல சோயாப் புண்ணாக்கு. சர்க்கரைக்குப் பேர் போன சக்தி சுகர்ஸுக்கே பொள்ளாச்சி பக்கம் ஒரு சோயா ஆலை உண்டு. தென்னந்தோப்புக்கு நடுவுல! நம்ம வீட்டுக் குருமாவுல போடுற மீல்மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவுதான், பாட்டில் எண்ணெயோட கூடப் பிறந்தது.

இந்தூர்ல சோயா விலை ஏறினா பல்லடத்துல தூக்கம் போகும். 2021-ல புண்ணாக்கு விலை சில மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல போனது. கோழித் தொழில்காரங்க இறக்குமதி கேட்டாங்க, சோயா ஆலைக்காரங்க எதிர்த்தாங்க. கடைசியில அந்த ஆகஸ்ட்ல மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை இறக்குமதி பண்ண அனுமதிச்சது. சண்டை முழுக்கப் புண்ணாக்குக்குத்தான். சோயா எண்ணெயை நாம ரொம்ப நாளா அர்ஜென்டினாவுல இருந்தும் பிரேசில்ல இருந்தும் கப்பல் கப்பலா வாங்கிட்டுதான் இருக்கோம்.

மக்காச்சோளக் கதை வேற. அதுல எண்ணெய் பெரும்பாலும் முளைக்கருவுலதான் இருக்கு. கருவைத் தனியாப் பிரிக்கிற வேலையை எண்ணெய்க்காரங்க பண்ணலை, ஸ்டார்ச் ஆலைக்காரங்க பண்ணினாங்க. 1842-ல தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு அமெரிக்காவுல மக்காச்சோளத்துல இருந்து ஸ்டார்ச் எடுத்துக் காட்டினார். இப்ப கந்தக டை ஆக்சைடு கலந்த வெந்நீர்ல ஒண்ணு ரெண்டு நாள் ஊறவெச்சு, கரு சிதையாம உடைப்பாங்க. எண்ணெய் இருக்கிறதால கரு லேசு, மிதக்கும். அதைப் பிரிச்சுக் காயவெச்சா பாதிக்குப் பாதி எண்ணெய். நூறு கிலோ மக்காச்சோளத்துக்கு அறுபது கிலோவுக்கு மேல ஸ்டார்ச், மூணு கிலோ போல எண்ணெய். 1911-ல மசோலாங்கிற பேர்ல அது சமையலறைக்கு வந்தது.

ஸ்டார்ச் கொங்குக்குப் புதுசு இல்லை. தறியில ஏத்துறதுக்கு முன்னாடி பாவு நூலுக்குக் கஞ்சி போடணும். சோமனூர், பல்லடம் பக்கம் சைசிங் மில் எல்லாம் இந்த வேலைதான். அப்போ மக்காச்சோள எண்ணெய் ஆலை இங்க பெருகியிருக்கணுமே? இரண்டாம் உலகப் போர்ல மலாயா, சிங்கப்பூர் ஜவ்வரிசி வரத்து நின்னப்ப, 1943-ல சேலத்துல மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி பண்ண ஆரம்பிச்சாங்க. சேலம், நாமக்கல் பக்கம் ஸ்டார்ச்சுனா கிழங்கு ஸ்டார்ச்தான்னு ஆனது. 1981-ல சேகோசர்வ் கூட்டுறவும் வந்தது. கிழங்குல கரு ஏது, எண்ணெய் ஏது?

உடுமலையிலயும் பெரம்பலூர்லயும் விளையிற மக்காச்சோளம் பெரும்பாலும் தீவன ஆலைக்குப் போகுது. அங்க யாரும் ஊறவைக்கறதில்லை, கருவைப் பிரிக்கறதில்லை. முழுசா அரைச்சு சோயாப் புண்ணாக்கோட கலக்கறாங்க. அந்த நாலு சதவீத எண்ணெயைக் கோழி தின்னுடுது.