இரசாயனம் கற்பித்த அட்டைத் துண்டுகள்

கண்ணுக்குப் புலப்படாத அணுவை மாணவர் மனத்தில் பதிய வைப்பது எங்ஙனம்? இரசாயன ஆசிரியர்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் வினா இது. கையால் தொட்டறியும் மாதிரியுருக்கள் இவ்வினாவிலிருந்தே பிறந்தன.

அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன், 1810-ஆம் ஆண்டளவில் நண்பர் ஒருவர் செய்தளித்த மரவுருண்டைகளைப் பயன்படுத்தினார். 1865-இல் ஜெர்மானிய அறிஞர் ஹோப்மன், இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில், குரோக்கே என்னும் ஆட்டத்தின் பந்துகளைக் குச்சிகளால் இணைத்துக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என அவர் தீட்டிய நிறங்கள் இன்றும் வழக்கிலுள்ளன. ஆயினும் ஒரு குறை இருந்தது. கார்பனின் நான்கு கரங்களும் சிலுவைபோல் ஒரே தளத்தில் கிடந்தன.

1874-இல் இக்குறையை நீக்கியவர் வான்ட் ஹாஃப் என்னும் 22 வயது டச்சு இளைஞர். பிரான்சின் லெ பெல்லும் அதே ஆண்டில் தனித்து ஆராய்ந்து இத்தகைய முடிவுக்கே வந்தார். டைகுளோரோமெதேன் என்னும் பொருளில் ஒரு கார்பனோடு இரு ஹைட்ரஜனும் இரு குளோரினும் சேர்ந்துள்ளன. கரங்கள் தட்டையாயின், குளோரின்கள் அடுத்தடுத்து அமைந்த பொருள் ஒன்றும், எதிரெதிரே அமைந்த பொருள் ஒன்றும் இருத்தல் வேண்டும். கிடைப்பதோ ஒரே பொருள். நான்கு முக்கோணங்களாலான நான்முகியின் நடுவே கார்பனை வைத்து, மூலைகளில் மற்ற அணுக்களை நிறுத்தினால் சிக்கல் தீர்கிறது. அங்கே எந்த இரு மூலைகளும் அடுத்தடுத்தவையே!

நான்கு மூலைகளிலும் வெவ்வேறு அணுக்கள் இருப்பின், இடக்கையும் வலக்கையும் போன்ற இரு வடிவங்கள் தோன்றும். 1848-இல் பாஸ்டர் பிரித்தெடுத்த இருவகைப் படிகங்களின் மர்மம் இதனால் விளங்கிற்று.

வான்ட் ஹாஃப் அட்டையால் நான்முகிகள் செய்து அறிஞர்களுக்கு அனுப்பினார். 1877-இல் கோல்பே என்னும் முதுபெரும் விஞ்ஞானி இக்கொள்கையை வெறுங்கற்பனை என எள்ளி நகையாடினார். காலமோ இளைஞர் பக்கம் நின்றது. 1913-இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் வைரத்தை ஆராய்ந்தபோது, கார்பனின் நான்முகி அமைப்பு ஐயமற உறுதியாயிற்று.

இக்காலத்தில் கணினி வழியே பிளாஸ்டிக் மாதிரிகளையும் அச்சிடுகின்றனர். அவ்வசதி இல்லாத பள்ளிக்கும் அச்சிட்ட தாளும் கத்தரிக்கோலும் பசையும் போதும். கண்ணாடிப் பிம்பங்களாக இரு நான்முகிகளை மடித்து, மூலைகளுக்கு நான்கு வண்ணமிட்டு, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமா என முதலில் மாணவரை ஊகிக்கச் சொல்லலாம். பின்னர் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். கரும்பலகையின் தட்டைப் படம் மறைத்துவிடும் உண்மையை மாணவரின் விரல்கள் கண்டுகொள்ளும். மாதிரியுரு காட்சிப்பொருளன்று, கருத்தைச் சோதிக்கும் கருவியாகும்.