மலையுச்சிக்குப் பின்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்த அந்நிறுவனத்தின் முதற்படம் 1937ஆம் ஆண்டு வெளிவந்த 'சதி அகல்யா'. கணவனின் சாபத்தால் கல்லாகி, மீட்பவனுக்காகக் காத்துக் கிடந்தவளின் கதை அது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1950இல், அதே நிறுவனம் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யில் ஒரு பெண், தன்னைக் கொல்ல அழைத்துச் சென்ற கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுகிறாள். பொறுமையே பெண்மை என்று திரை ஓதிவந்த காலத்தில் இது சிறிய மாற்றமன்று.

இக்கதையின் வேர் குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்தக் காப்பியத்தில் இன்று எஞ்சியவை 19 பாடல்களே. கதையை நீலகேசியின் உரையால் அறியலாம். பாலி மொழித் தேரிகாதையின் உரையிலும் அதன் வடிவம் உண்டு. கள்வன் காளனை விரும்பி மணந்த பத்திரை, ஊடலிடையே அவனைக் கள்வன் என்று சொல்லிவிட்டாள். சினந்தவன் அவளை மலைக்கு அழைத்துச் சென்றான். இறக்குமுன் அவனை மும்முறை வலம்வர வேண்டும் என்று கேட்ட அவள், பின்னின்று தள்ளினாள். மு. கருணாநிதி எழுதிய திரைக்கதையில், மாதுரி தேவி நடித்த அமுதவல்லியும் அவ்வாறே செய்கிறாள்.

வேறுபாடு அதன் பின்னரே தொடங்குகிறது. பத்திரை துறவு பூண்டாள். ஊர்தோறும் நாவற்கிளை நட்டு அறிஞரை வாதுக்கு அழைத்தாள். இறுதியில் பௌத்தம் தழுவினாள். அவளை மறுப்பதற்கென்றே சமண நூலாகிய நீலகேசி ஒரு சருக்கம் வகுத்தது. எதிரியும் மதித்த அறிவு அவளுடையது. அமுதவல்லிக்கோ அவ்வாழ்வு வாய்க்கவில்லை. அரசவையில் உண்மையை உரைத்தவள் ராஜகுருவின் கத்திக்கு இரையாகிறாள்.

இது தமிழ்த் திரைக்கு மட்டும் உரிய வழக்கன்று. 'மந்திரி குமாரி'யைச் சுந்தரத்தோடு இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனின் தாயகமாகிய அமெரிக்காவில், 1931இல் 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' வெளிவந்தது. அதில் சீன மரபினரான அன்னா மே வாங், பழிவாங்கப் புறப்பட்ட மகளாக நடித்து, முடிவில் மடிந்தார். ஆசியப் பெண் பணிந்தவளாக வேண்டும், அன்றேல் நஞ்சாகி அழிய வேண்டும் என்னும் வார்ப்பை அவரே பின்னர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

கொன்றவள் அதன்பின் வாழ்ந்தாள், சிந்தித்தாள், வாதிட்டாள் என்று சொல்லத் துணிந்தது பழங்காப்பியமே. அதன் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மலையுச்சிக்குப் பின் பத்திரை வாழ்ந்த வாழ்வைப் பாடும் கடமை இன்றைய கவிஞர்க்கு எஞ்சியுள்ளது.