கணக்கில் வராத ஆட்டம்

"ஜெயிச்சாலும் கணக்கு இல்ல, தோத்தாலும் கணக்கு இல்லன்னா, அப்புறம் எதுக்குங்க டிக்கெட்டு?" என்றாள் தங்கமணி. வழக்கம் போல நியாயமான கேள்விதான். வழக்கம் போல என்னிடம் பதில் இல்லை.

2019 மார்ச் மாதம். ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் ஃப்ளோரிடாவில் ஜாக்சன்வில் என்ற ஊரில் இருந்தேன். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் இருவரும் புனேயிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவைக் குறுக்கே கடந்து, மேற்குக் கடற்கரையைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். "இந்த மாசம் போறீங்கன்னா ஒரு ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் மேட்ச் பாக்காம வராதீங்க" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் ஏற்றிவிட்டார்.

பேஸ்பால் எனக்கும் அரைகுறைதான். நான் புரிந்துகொண்ட வரை விஷயம் இதுதான். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே பனி கொட்டும், மைதானத்தில் கால் வைக்க முடியாது. அதனால் 30 பெரிய அணிகளும் தெற்கே வெயில் ஊர்களுக்கு வந்து முகாம் போடுகின்றன. பாதி ஃப்ளோரிடாவில், பாதி அரிசோனாவில். தங்களுக்குள் பயிற்சி ஆட்டம் ஆடிவிட்டு மார்ச் கடைசியில் ஊர் திரும்பி நிஜமான சீசனைத் தொடங்குவார்கள். பயிற்சி ஆட்டத்தின் வெற்றி தோல்வி புள்ளிப் பட்டியலில் ஏறாது. ஃப்ளோரிடாவில் நடப்பதற்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்று செல்லப்பெயர். பம்ளிமாஸுக்குத் தம்பி முறையான பழம். 1915-இல் டேடோனா பீச்சில் முகாமிட்டிருந்த புரூக்ளின் அணியின் மேனேஜர், விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சவடால் விட்டாராம். மேலேயிருந்து வந்தது பந்து இல்லை, கிரேப்ஃப்ரூட். பழம் அவர் மேல் விழுந்து உடைய, வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்து அலறினாராம். (விமானம் ஓட்டியது ரூத் லா என்ற பெண்மணி. பந்தை எடுத்துவர மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னாராம். நம்புவோம்!)

நாங்கள் போனது பிராடென்டன் என்ற சிறிய ஊர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 1969-இலிருந்து வருடா வருடம் இங்கேதான் வருகிறது. மைதானம் 1923-இல் கட்டியது. டிக்கெட் கிழிப்பவர், இருக்கை காட்டுபவர் எல்லாருமே தாத்தா பாட்டிகள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் நின்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டியதும் பெரிய ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, முதுகில் 80, 90 என்று நம்பர் போட்ட பொடியன்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அது வாழ்வா சாவா ஆட்டம். இடம் கிடைக்குமா, பெட்டியைக் கட்டச் சொல்வார்களா என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்துவிடும். 2009-இல் இதே ஊர் முகாமில் நம்ம ஆட்கள் இரண்டு பேர், உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், பயிற்சி எடுத்தார்கள். ஈட்டி எறிபவர்கள். டிவி போட்டி ஒன்றில் தேர்வாகி, பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்து சேர்ந்தவர்கள்.

மகள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இவ்ளோ பேர் 21 போட்டிருக்காங்க. ஆனா ஆடறவங்கள்ல 21 இல்லையே?"

பக்கத்து இருக்கைப் பெரியவரும் 21 தான் போட்டிருந்தார். பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடமே கேட்டேன். ரொபெர்ட்டோ க்ளெமென்ட்டே என்றார். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த கறுப்பு இன ஆட்டக்காரர். 1955 முதல் 1972 வரை பைரேட்ஸுக்கு ஆடியவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு அந்த அணியில் 21 யாருக்கும் கிடையாது.

அதோடு விட்டிருந்தால் நானும் ஐஸ்க்ரீம் வாங்கக் கிளம்பியிருப்பேன். பெரியவர் சாவகாசமாக ஒன்று சொன்னார். "அந்த ஆளுக்கு ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் ஊரில் ஹோட்டல் ரூம் கிடையாது, தெரியுமா?" அப்போது அணியின் முகாம், இன்னும் தெற்கே ஃபோர்ட் மையர்ஸில். வெள்ளை ஆட்டக்காரர்கள் ஊருக்குள் ஹோட்டலில் தங்குவார்கள். க்ளெமென்ட்டே போன்றவர்கள் கறுப்பர் குடியிருப்பில் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது மற்றவர்கள் ரெஸ்டாரண்டுக்குள் சாப்பிட, இவர்கள் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும். யாராவது பொட்டலம் கட்டி வந்து கொடுத்தால் உண்டு.

ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது சத்தியமாக நினைவில்லை.

அன்று இரவு ஸ்கைவே பாலத்தைக் கடந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மோட்டலில் தங்கினோம். கவுண்டரில் குஜராத்திக்காரர். புனே என்றதும் ஹிந்திக்குத் தாவி, மகளுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். சாவி வாங்க இரண்டு நிமிடம். மற்ற இருவரும் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவன், மணி இரண்டு வரை மூடவில்லை. காரணம், படிக்கப் படிக்க வந்த ஊர்ப் பெயர்கள். ஜாக்சன்வில், டேடோனா பீச், டிலாண்ட், சான்ஃபோர்ட். எல்லாம் அன்று காலை நாங்கள் கடந்து வந்த நெடுஞ்சாலைப் பலகைகள்!

ஜாக்கி ராபின்சன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கறுப்பர்களுக்குக் கதவடைத்திருந்த பெரிய லீகில் 1947 ஏப்ரல் 15 அன்று நுழைந்தவர். அந்தத் தேதி எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடத்து மார்ச்சைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945-இல் அவரை ஒப்பந்தம் செய்து, முதலில் கீழ்நிலை அணியான மான்ட்ரியால் ராயல்ஸில் சேர்த்தார். 1946 பிப்ரவரி கடைசியில், கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகாத மனைவி ரேச்சலோடு லாஸ் ஏஞ்சலஸில் விமானம் ஏறினார் ராபின்சன். நியூ ஆர்லியன்ஸில் இறக்கிவிட்டார்கள். வேறு விமானம் பிடித்தார். பென்சகோலாவில் மறுபடி இறக்கிவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் பயணிகளை ஏற்றினார்கள். பஸ்ஸில் ஜாக்சன்வில் புறப்பட்டால், பின்சீட்டுக்குப் போ என்றார் டிரைவர். 1944-இல் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, பஸ்ஸில் பின்னால் போக மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையான மனுஷன் இவர். இந்த முறை பேசாமல் எழுந்து பின்னால் போனார். முகாமுக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

சான்ஃபோர்டில் பயிற்சி தொடங்கி இரண்டே நாள். ஊர்க்காரர்கள் மிரட்ட, ராபின்சனையும் இன்னொரு கறுப்பு ஆட்டக்காரரான ஜானி ரைட்டையும் அவசர அவசரமாக டேடோனா பீச்சுக்கு அனுப்பினார் ரிக்கி. டேடோனா கொஞ்சம் பரவாயில்லை. அங்கே மேரி மெக்லியோட் பெத்யூன் நிறுவிய கறுப்பர் கல்லூரி இருந்தது, கறுப்பர்களுக்கு ஊரில் கொஞ்சம் குரலும் இருந்தது. அணி ஹோட்டலில் தங்க, ராபின்சன் தம்பதி ஒரு கறுப்பர் குடும்பத்தின் வீட்டில் தங்கினார்கள். மார்ச் 17 அன்று சிட்டி ஐலண்ட் மைதானத்தில், ஏறக்குறைய 4,000 பேர் முன்னால், டாட்ஜர்ஸுக்கு எதிராக ஆட இறங்கினார். ஹிட் ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் ஆடிவிட்டார்.

மற்ற ஊர்களில் நடந்த கதை வேறு. ஜாக்சன்வில் நகர நிர்வாகம் அனுமதி மறுத்தது. அணி போனபோது மைதானம் பூட்டிக் கிடந்தது. சான்ஃபோர்டில் ஏப்ரலில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் தலைவர் மைதானத்துக்குள் வந்து ராபின்சனை வெளியேற்றச் சொன்னார். டிலாண்டில் அந்த வம்பே இல்லை. மைதானத்தில் விளக்கு எரியவில்லை, ஆட்டம் ரத்து என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.

அது பகல் ஆட்டம்!

தங்கமணியின் கேள்விக்கு அந்த நேரத்தில்தான் ஏதோ பதில் கிடைத்த மாதிரி இருந்தது. கணக்கில் வராத ஆட்டம் என்பதால்தான் ரத்து செய்வது அவ்வளவு சுலபம். யாருக்கும் ஒரு புள்ளி குறையாது, எந்தப் பட்டியலிலும் தெரியாது. இல்லை என்பதற்கு ஒரு சாக்கு போதும்.

1947-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். ஆகவில்லை. அந்த வருடம் ஃப்ளோரிடாவே வேண்டாம் என்று ரிக்கி முகாமை கியூபாவின் ஹவானாவுக்கு மாற்றினார். அங்கும் ராபின்சன் முதலான கறுப்பு ஆட்டக்காரர்களுக்குத் தனி ஹோட்டல்தான். வம்பு வரக்கூடாது என்று ரிக்கியே செய்த ஏற்பாடு அது. 1948-இல் டாட்ஜர்ஸ் வீரோ பீச்சில் பழைய கடற்படை விமானத் தளத்தின் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டது. ஊர் ஹோட்டல் இடம் தராவிட்டால் போகட்டும், எல்லாரும் ஒரே வளாகத்தில் தங்கலாம் என்ற யோசனை. மற்ற அணிகள் அவ்வளவு மெனக்கெடவில்லை. மைதானத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடியவர்கள், சாயங்காலம் ஆனால் ஊரின் இரண்டு பக்கமாகப் பிரிந்து போனார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பதினைந்து வருடம்.

அது உடைந்த கதை நான் உட்கார்ந்திருந்த அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. டாக்டர் ரால்ஃப் விம்பிஷ் என்ற கறுப்பர் இன மருத்துவர், வருடா வருடம் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குத் தங்க வீடு பார்த்துக் கொடுத்து வந்தார். 1961 தொடக்கத்தில், இனிமேல் அந்த உதவியைச் செய்யமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். அவர் உதவ உதவ, ஹோட்டல்கள் மாறத் தேவையே இல்லாமல் போகிறது அல்லவா! என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய ஆட்டம் அவர் ஆடியதுதான். அதே வருடம், ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் விருந்துக்கு வெள்ளையரை மட்டும் அழைத்ததை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பில் வைட் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பத்திரிகையாளர் வெண்டெல் ஸ்மித் தொடர்ந்து எழுதினார். முகாமால் ஊருக்கு வரும் பணம் போய்விடும் என்ற நிலை வந்த பிறகுதான் அசைந்தது. 1962-இல் யாங்கீஸ் அணி வேறு ஊருக்குப் போய்விட்டது. கார்டினல்ஸுக்கு ஸ்கைவே மோட்டல் கிடைத்தது. மொத்த அணியும், வெள்ளையர் கறுப்பர் எல்லாரும், குடும்பத்தோடு அங்கே தங்கினார்கள். கடற்கரையில் தனி வீடு எடுத்துத் தங்கக்கூடிய ஸ்டான் மியூசியல், கென் பாயர் போன்ற நட்சத்திரங்களும் அதை விட்டுவிட்டு அந்த மோட்டலுக்கு வந்தார்கள். இரண்டு நிறத்துக் குழந்தைகளும் ஒரே குளத்தில் நீந்துவதைப் பார்ப்பதற்காகவே ஊர்க்காரர்கள் காரில் மெதுவாகக் கடந்து போவார்களாம்.

வேலை கொடுப்பவர் ஒருவர், வீடு கொடுப்பவர் வேறொருவர். வெளியூரில் குடித்தனம் போட்ட நமக்கெல்லாம் இது தெரிந்த விஷயம்தானே. 2004-இல் நான் புனே வந்தபோது கம்பெனி ஆரத்தி எடுக்காத குறையாகச் சேர்த்துக்கொண்டது. வீடு தேடினால், "மதராஸியா? நான்வெஜ்ஜா?" என்ற இரண்டே கேள்வியில் ஏழு வீடு போச்சு. இதை நான் எத்தனையோ விருந்துகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாடி போர்ஷன். வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் அப்பா முதலில் சொந்த ஊர் எது என்பார். அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்பார். எனக்குப் பதினோரு வயது இருக்கும். மாற்றலாகி வந்த ஒருவர், வேலை பார்த்தது ஏதோ பாங்க், மனைவியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கேள்வியும் முடிந்தது. அப்பா உள்ளே வந்து, "டேய், வீடு நேத்தே விட்டாச்சாம்னு போய்ச் சொல்லுடா" என்றார். போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த டு-லெட் பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சரி தம்பி" என்றார். அவர் மனைவி தண்ணீர் குடித்த டம்ளரைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். பலகை அதற்குப் பிறகும் ஒரு வாரம் தொங்கியது.

திரும்பும் வழியில் டேடோனா பீச்சில் வண்டியைத் திருப்பினேன். அந்த மைதானத்துக்கு இப்போது ஜாக்கி ராபின்சன் பெயர். உள்ளூர் அணியின் சீசன் ஏப்ரலில்தான் என்பதால் கூட்டம் இல்லை. வெளியே, சிறுவர்களோடு ராபின்சன் நிற்கும் சிலை. மகளை அதன் அருகே நிற்க வைத்துப் படம் எடுத்தாள் தங்கமணி. நான் முந்தின இரவு படித்ததை எல்லாம் சொன்னேன். டிலாண்ட் வந்ததும் மகள் நிறுத்தினாள்.

"பகல் மேட்சுக்கு எதுக்குப்பா லைட்டு?"

"அதாம்மா."

"அவங்க பொய் சொல்றாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா."

தங்கமணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த டு-லெட் பலகை விஷயம் தெரியும். மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.