ஆங்கில வினைச்சொற்கள்: முறைப்பாடு எழுதுவோர் அறிய வேண்டிய வடிவங்கள்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை எக்காலத்தவை என்பதில் நிபுணர் அறிக்கைகள் முரண்பட்டன. 1980களின் இறுதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தெற்கின் பெற்றோர் அன்று கேட்டதும், வன்னியில் தாய்மார் இன்றும் கேட்பதும் ஒன்றுதான்: எப்போது நடந்தது, யார் செய்தார்கள்? ஒரு முறைப்பாட்டில் இவ்விரண்டையும் வெளிப்படுத்துவதும் மறைப்பதும் வினைச்சொல்லே.

இலங்கை அரச அலுவலகங்களில் தமிழிலேயே முறைப்பாடு செய்ய உரிமை உண்டு. ஐ.நா.வுக்கோ வெளிநாட்டு அமைப்புகளுக்கோ அனுப்பும்போது ஆங்கிலம் தேவைப்படுகிறது. பிறர் எழுதித் தந்தாலும், கையொப்பமிடுமுன் வினைச்சொற்களைச் சரிபார்ப்பது நல்லது.

ஐந்து வடிவங்கள்

'டேக்' என்றால் எடு, கொண்டு செல். இதன் வடிவங்கள்: டேக் (அடிவினை), டேக்ஸ் (அவன், அவள், அது என்பவற்றுக்கு நிகழ்காலத்தில்), டுக் (இறந்தகாலம்), டேக்கன் (முடிவெச்சம்), டேக்கிங் (தொடர்வினை). 'வெயிட்' (காத்திரு) போன்ற ஒழுங்கான வினைகளில் இறந்தகாலமும் முடிவெச்சமும் ஒன்றே: வெயிட்டட்.

தமிழில் 'வந்தாள்' என்றாலே வந்தது பெண் என்று தெரியும். ஆங்கில இறந்தகாலத்தில் பால் தெரியாது. ஆகவே ஹி, ஷி என்பதை மாற்றி எழுதினால் ஆளே மாறிவிடும்.

காலம்

'ஐ ஹாவ் எ சன்' என்றால் எனக்கு ஒரு மகன் இருக்கிறான். 'ஐ ஹாட் எ சன்' என்றால் இருந்தான். படிப்பவர் மகன் இறந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். 2009 முதல் தேடும் தாய் 'ஹி ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009' என்று எழுதலாம். காணாத நிலை அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது என்பது அதன் பொருள். 'டிட் நொட்' வந்தால் அடுத்து அடிவினையே வரும்: 'ஹி டிட் நொட் ரிட்டர்ன்'.

செய்தவர் யார்?

'பொடீஸ் வேர் பெரீட்' என்றால் உடல்கள் புதைக்கப்பட்டன. இலக்கணப்படி சரியான வாக்கியம். ஆனால் புதைத்தவர் அதில் இல்லை. 'பை' என்ற சொல்லைச் சேர்த்தால்தான் செய்தவர் தெரிவார்: 'ஹி வொஸ் டேக்கன் பை மென் இன் யூனிஃபோர்ம்', அதாவது சீருடை அணிந்தவர்களால் கொண்டு செல்லப்பட்டார். 'ஹி வென்ட் வித் தெம்' என்று எழுதினால் அவரே விரும்பிப் போனதாகிவிடும்.

'ஹி டிஸ்அப்பியர்ட்' என்றால் காணாமல் போனார். லத்தீன் அமெரிக்காவில் 1970களில் நடந்த கடத்தல்களின் பின் 'ஹி வொஸ் டிஸ்அப்பியர்ட்' என்ற செயப்பாட்டு வடிவம் பரவியது. நாம் 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று வலியுறுத்துவதும் இதையே. இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குதலைக் குற்றமாக்கியது.

கையொப்பமிடுமுன் மூன்றைப் பாருங்கள்: உறவினரைப் பற்றிய வினை நிகழ்காலத்திலா இறந்தகாலத்திலா உள்ளது, சம்பவத் திகதியோடு வரும் வினை இறந்தகாலத்தில் உள்ளதா, நீங்கள் கண்ணால் கண்டவர்கள் 'பை' என்பதன் பின் குறிப்பிடப்பட்டுள்ளனரா. காணாததைச் சேர்க்க வேண்டாம். வாக்கியம் புரியாவிட்டால் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதன்பின் கையொப்பமிடுங்கள்.